தண்ணீரில் மிதக்கும் பச்சைத் தாள்: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

கடந்த மாத அமர்வில் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றினீர்கள். சபை எல்லைக்குள் இருக்கிற சாப்பாட்டுக்கடைகள், வீட்டில் பொதி கட்டி விற்பவர்கள், அன்னதான மடங்கள் எல்லாரும் சாப்பாடு சுற்றுவதற்குச் சபை அங்கீகரித்த பச்சை நிற ‘உக்கும் தாள்’ மட்டும்தான் பாவிக்க வேண்டும், மீறினால் தண்டம் என்பது முதலாவது. சபையின் கூட்டுப்பசளை முற்றம் நட்டத்தில் ஓடுவதால் அதை மூடிவிட்டு, அந்தக் காணியை வாகனத் தரிப்பிடம் ஆக்குவது இரண்டாவது. இரண்டுக்கும் இடையில் பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. உக்கும் என்று ஒரு பொருளை ஊர் முழுக்கக் கட்டாயமாக்கிய கையோடு, அது உக்குவதற்கு இருந்த ஒரே இடத்தையும் மூடியிருக்கிறீர்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னபோது, நான் ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டேன் என்றுதான் அவர் நினைத்தார்.

நான் ஒரு பாடசாலையின் இரசாயன ஆய்வுகூடத்தில் 26 வருடம் உதவியாளனாக இருந்தவன். ஆசிரியன் இல்லை. பரிசோதனைக் குழாய் கழுவி, அமிலத்தை ஐதாக்கி வைத்து, பிள்ளைகள் உடைத்த முகவைகளுக்குக் கணக்கு எழுதியவன். ஓய்வுபெற்ற பிறகு நானும் மனைவியும் காலையில் இடியப்பமும் மத்தியானம் சோற்றுப் பொதியும் செய்து கொடுக்கிறோம். நாளுக்கு ஐம்பது, அறுபது பொதி. ஆகவே உங்கள் தீர்மானம் நேரே எங்கள் குசினிக்குள் வந்து விழுகிறது.

பிளாஸ்ரிக் தடைக்கு நான் எதிரி இல்லை. 2017 ஏப்ரலில், புத்தாண்டு நாளில், கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த வருடம் செப்ரெம்பர் 1 ஆம் திகதி பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்தது. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதும் அப்போதே தடையானது. 2023 ஒக்ரோபர் 1 இல் பிளாஸ்ரிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழாய் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் இடியப்பத் தட்டும் இருந்தது. “அம்மா பாவிச்ச ஈர்க்குத் தட்டைத் தூக்கி எறிய வைச்சதும் இந்த உலகம்தான், இப்ப திரும்பத் தேடி அலைய வைக்கிறதும் இந்த உலகம்தான்” என்று மனைவி முணுமுணுத்தார். முணுமுணுத்தாலும் அடுத்த கிழமையே இரண்டு டசின் தட்டுப் பின்னுவித்தார். சட்டம் சொன்னதைச் செய்தோம். குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை.

குறை தொடங்கியது பச்சைத் தாளோடு.

எட்டு மாதங்களுக்கு முன் ‘முன்னோடித் திட்டம்’ என்று எங்கள் பகுதியில் சில கடைகளுக்கு அதைக் கொண்டுவந்து தந்தார்கள். சபையின் கடிதம் ஒன்றும் கூட வந்தது. தாளில் ஒரு இலைப் படம், மூன்று மொழியிலும் ‘நூறு வீதம் உக்கும்’, அதற்குக் கீழே ‘சோள மாப்பொருளில் இருந்து’. விலை நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த தாளைப்போல இரண்டு மடங்கு. பரவாயில்லை, ஊருக்கு நல்லதென்றால் பொதிக்கு ஐந்து ரூபாய் கூட்டலாம் என்று வாங்கினோம். ஆனால் இருபத்தாறு வருடம் போத்தல்களில் இருந்த சுட்டிகளை வாசித்தவனுக்கு ஒரு பழக்கம் இருக்கும். சுட்டியில் இருப்பதைவிட இல்லாததைத்தான் முதலில் பார்ப்பான். எத்தனை நாளில் உக்கும் என்று அதில் இல்லை. எங்கே, எந்தச் சூட்டில் உக்கும் என்று இல்லை. எந்தத் தரநியமத்தின்படி என்று ஒரு இலக்கம்கூட இல்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று பின்வளவில் முருங்கைக்குப் பக்கத்தில் இருக்கிற பசளைக் கிடங்கைத் திறந்தேன். ஒரு சாண் சதுரத்தில் நான்கு துண்டுகள்: வாழையிலை, மண்ணிறக் கடதாசி, வேலியால் இறக்கிய பழைய பனையோலை, பச்சைத் தாள். மண்ணோடு கலந்து தொலைந்துபோகாமல் இருக்க ஒவ்வொன்றையும் வெங்காயம் வருகிற வலைப்பையில் போட்டுத் தாட்டேன். மாதத்துக்கு ஒருமுறை கிளறி, பார்த்ததைப் பயிற்சிக் கொப்பி ஒன்றில் எழுதினேன். அந்தக் கொப்பி இந்த மடலை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறது.

வாழையிலை ஆறாம் கிழமையில் நடு நரம்பின் நாரைத் தவிர ஒன்றும் இல்லை. கடதாசி இரண்டு மாதத்தில் கூழ். பனையோலை எட்டு மாதம் கழித்தும் இருக்கிறது, கறுத்துப்போய், தொட்டால் முறிகிற நிலையில். அது மெல்லத்தான் உக்கும், எனக்குத் தெரியும். அதை எங்கள் பெரியவர்கள் ஒரு குணமாகக் கண்டார்கள். வேலி பிரித்து அடைக்கிற காலத்தில் பழைய ஓலையைப் புகையிலைத் தோட்டத்தில் தாட்டுவிட்டால் அது ஆறுதலாக உக்கி மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும்.

பச்சைத் தாள் நான்காம் மாதத்தில் இலைப் படத்தோடு அப்படியே வந்தது. கழுவினால் திரும்பவும் சோறு கட்டலாம். எட்டாம் மாதத்தில் ஒரு மாற்றம் இருந்தது. வலைப்பையின் வாய் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் வெயில் பட்ட மூலை மட்டும் அப்பளம்போல நொறுங்கியது. மண்ணுக்குள் இருந்த பகுதி புதிது மாதிரி. நொறுங்கியதைத் தேத்தண்ணி வடியில் போட்டுக் கழுவிப் பார்த்தேன். மண் போய்விட்டது, பச்சைச் செதில்கள் வடியிலேயே கிடந்தன. நகத்தளவு சில, மிளகாய் விதையளவு பல, இன்னும் சின்னதாய் எண்ண முடியாதவை. இது உக்கல் இல்லை. துண்டாதல். கண்ணுக்குத் தெரிந்த குப்பை கண்ணுக்குத் தெரியாத குப்பையாக மாறுவது.

இந்தச் செதில்கள் எங்கே போகும் என்று இந்த மண்ணில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே தேங்கி நிற்கிற தண்ணீரைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் தோட்டத்துக்கும் இறைக்கிறோம். மாரியில் மேலே கிடப்பது கல்லின் வெடிப்புகளால் கீழே இறங்கும். வடிகட்டித் தர நடுவில் ஆழமான மண்படை கிடையாது.

பிறகு இன்னொரு சோதனை செய்தேன். இதை உங்களில் யாரும் வீட்டில் ஐந்து நிமிடத்தில் செய்யலாம். பச்சைத் தாளில் ஒரு விரல் அகலத் துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டு, துண்டை விரலால் அமத்தி ஒட்டியிருக்கிற காற்றுக் குமிழியைப் போக்கிவிட்டு விட வேண்டும். எங்கள் துண்டு மேலே வந்து மிதந்தது. பத்துத் தடவை அமத்தினேன், பத்துத் தடவையும் மேலே வந்தது. சுவிசில் இருந்து வந்த மருமகன், அங்கே குசினிக் கழிவு போடுகிற பை என்று ஒரு சுருள் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் ஒரு துண்டை அதே குவளையில் விட்டேன். நேரே அடிக்குப் போய்ப் படுத்தது.

காரணம் எளியது. பொலித்தீன் தண்ணீரைவிட இலேசு. உக்கும் பைகள் செய்யப் பாவிக்கிற பொருள்கள் தண்ணீரைவிடப் பாரம். பி.எல்.ஏ என்று சொல்கிற பொலிலக்ரிக் அமிலம் தண்ணீரைப்போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு பாரம். மாப்பொருள் அதைவிடப் பாரம். ஆகவே அவை தாழ வேண்டும். மிதக்கிற ஒன்றில் பெரும்பகுதி என்னவாக இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

அயடீனும் விட்டுப் பார்த்தேன். மாப்பொருளில் அயடீன் பட்டால் கருநீலம் ஆகும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பச்சைத் தாளில் அயடீன் மண்ணிறமாகவே நின்றது. நியாயமாகச் சொன்னால் இது மட்டும் சாட்சியாகாது. சோளத்தை முழுக்க பி.எல்.ஏ ஆக மாற்றியிருந்தாலும் நீலம் வராது. ஆனால் பி.எல்.ஏ ஆக இருந்திருந்தால் தாழ்ந்திருக்க வேண்டும். நீலமும் வரவில்லை, தாழவும் இல்லை, வெயில் பட்ட இடம் மட்டும் நொறுங்குகிறது. சாதாரணப் பொலித்தீனுக்குள் கோபாற்று, மங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்த்து, வெயிலிலும் சூட்டிலும் நொறுங்க வைக்கிற ஒரு வகை இருக்கிறது. ‘ஒக்சோ’ வகை என்பார்கள். அது உக்குவதாகச் சொல்லி விற்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் சட்டம் இயற்றி, 2021 யூலையில் இருந்து அதைச் சந்தையில் விடுவதையே தடுத்துவிட்டது. எங்கள் பச்சைத் தாள் அந்த வகைதான் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. என்னிடம் இருப்பது ஒரு குவளையும் ஒரு கொப்பியும். தீர்ப்புச் சொல்ல வேண்டியது அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம். அதற்கு ஒரு துண்டை அனுப்பாமல் ஊருக்கே கட்டாயமாக்கியதுதான் என் முறைப்பாடு.

இதையெல்லாம் எழுதி உங்களுக்கு இரண்டு கடிதம் தந்தேன். முதலாவதுக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, ‘தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. அதற்கு இரண்டு கிழமை கழித்துத்தான் தீர்மானம் வந்தது.

தீர்மானம் வந்த பிறகு ஒரு நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தம்பி வந்தார். நல்ல பிள்ளை, தன் வேலையைத்தான் செய்தார். நாங்கள் பச்சைத் தாளை விட்டுவிட்டு உள்ளே வாழையிலையும் வெளியே கடதாசியுமாகப் பொதி கட்டிக்கொண்டிருந்தோம். அவர் சுற்றறிக்கையை விரித்து இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சங்கடத்தோடு சொன்னார்: “ஐயா, இதிலை வாழையிலை எண்டு ஒரு இடத்திலையும் போடேல்லை. அங்கீகரிச்ச தாள் மட்டும் எண்டுதான் கிடக்கு.” அதாவது இந்த யாழ்ப்பாணத்தில், நீர்வேலியில் இருந்து குலை குலையாய் வாழைக்காய் போகிற ஊரில், வாழையிலையில் சோறு கட்டினால் தண்டம். அவர் தண்டம் எழுதவில்லை. எழுதியிருந்தால் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன்.

பழைய இரும்பு, போத்தல் வாங்க வருகிற ஓட்டோக்காரரிடமும் பச்சைத் தாளை நீட்டிப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தலையும் ஷம்பூ டப்பாவையும் எடுப்பவர் இதைத் தொடவில்லை. “வேண்டாம் அண்ணை, இது கலந்தா கொழும்பிலை முழுச் சாக்கையும் கழிச்சுப்போடுவாங்கள்.” அவர் சொன்னதில் இரசாயனம் இருக்கிறது. நொறுங்குவதற்கென்று மருந்து சேர்த்த பொலித்தீனை நல்ல பொலித்தீனோடு உருக்கினால், புதிதாகச் செய்கிற வாளியும் குழாயும் அதே மருந்தைக் கொண்டுபோகும். உண்மையான பி.எல்.ஏக்கும் இதே சிக்கல் உண்டு. தண்ணீர்ப் போத்தல் செய்கிற பெற் உருகுவது 250 பாகைக்கு மேலே, பி.எல்.ஏ அதற்கு எவ்வளவோ கீழே உருகிவிடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றாகப் போனால் இரண்டும் பாழ். ஆக, எங்கள் பச்சைத் தாள் உக்கவும் மாட்டாது, மீள உருக்கவும் உதவாது. பழைய லஞ்ச் சீற் தன்னை உக்கும் என்று பொய் சொல்லவாவது இல்லை.

அன்றைய அமர்வில் ஒரு உறுப்பினர், “செடியில இருந்து செய்தது, செடி உக்கும்தானே” என்றார். எல்லாரும் தலையாட்டினீர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிழை முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளை எதிலிருந்து செய்தார்கள் என்பதும் அது உக்குமா என்பதும் வேறு வேறு கேள்விகள். உலகத்தின் முதல் பிளாஸ்ரிக்குகளில் ஒன்றான செலுலொயிட்டைப் பஞ்சில் இருந்து எடுத்த நாரையும் கற்பூரத்தையும் சேர்த்துத்தான் 19 ஆம் நூற்றாண்டில் செய்தார்கள். கோயிலில் கொளுத்துகிற அதே கற்பூரம். இரண்டும் மரஞ்செடியில் இருந்து வந்தவைதான், ஆனால் அதில் செய்த சீப்பும் பொத்தானும் இன்றைக்கும் பழம்பொருள் கடைகளில் இருக்கின்றன. பிரேசிலில் 2010 இல் இருந்து கரும்பு மதுசாரத்தில் பொலித்தீன் செய்கிறார்கள். கரும்பில் இருந்து வந்தாலும் அது பொலித்தீன்தான், உக்காது. ஆனால் சாதாரணப் பொலித்தீனோடு சேர்த்து மீளுருக்கலாம். மறுபக்கம் பி.பி.ஏ.ரி என்று ஒன்று, மண்ணெண்ணெய் வருகிற அதே கச்சாய் எண்ணெயில் இருந்து வருவது, ஆனால் சரியான குவியலில் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். என் மருமகனின் பையில் மாப்பொருளோடு இதுதான் கலந்திருக்க வேண்டும்.

பி.எல்.ஏ நடுவில் நிற்கிறது. மாப்பொருளைச் சீனியாக்கி, பற்றீரியாவைக் கொண்டு புளிக்க வைத்து, தயிரைப் புளிக்க வைக்கிற அதே இலக்ரிக் அமிலத்தை எடுத்து, அதைச் சங்கிலியாகக் கோப்பது. அருமையான வேலை. ஆனால் அது உக்குவதற்கு 58, 60 பாகைச் சூடும் ஈரமும் கிழமைக்கணக்கில் வேண்டும். என் கிடங்கின் நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 38 காட்டுகிறது, நல்ல நாளில் 41. வாய்க்காலிலும் வயலிலும் கடலிலும் பி.எல்.ஏ பொலித்தீனுக்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பிதான்.

இதனால்தான் ஐரோப்பாவில் ஈ.என் 13432 என்று ஒரு நியமம் வைத்திருக்கிறார்கள். 12 கிழமைக்குப் பிறகு 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிற்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கு காபனீரொட்சைட்டாகப் போயிருக்க வேண்டும். மிஞ்சும் பசளையில் பயிர் முளைக்க வேண்டும், பார உலோகங்களுக்கும் எல்லை உண்டு. மருமகனின் பையில் இந்த இலக்கம் அச்சடிக்கப்பட்டிருந்தது.

இனி உங்கள் இரண்டாவது தீர்மானத்துக்கு வருகிறேன். நீங்கள் மூடப்போகிற முற்றத்தில் வேலை செய்கிற அக்கா ஒருவரிடம் கேட்டு, பெரிய குவியலின் நடுவில் அதே வெப்பமானியைக் குத்தினேன். 61 பாகை. இழுத்து எடுத்த கம்பியைக் கையால் பிடிக்க முடியவில்லை. மருமகனின் பையில் இரண்டை வலைக்குள் போட்டு அந்தக் குவியலில் வைக்கச் சொன்னேன். மூன்று தடவை புரட்டி, பதினோராம் கிழமையில் வலையை எடுத்தோம். வலை மட்டும்தான் வந்தது. அதே நாள் அதே குவியலில் வைத்த பச்சைத் தாள் மடிப்புக் குலையாமல் வந்தது. அந்த அக்கா சிரித்துவிட்டுச் சொன்னார்: “இதைத்தான் ஐயா நாங்கள் நாள் முழுக்கப் பொறுக்குறம்.”

நட்டம் எங்கிருந்து வருகிறது என்று அங்கே நின்ற அரை மணித்தியாலத்தில் தெரிந்தது. முன்பு முற்றத்தின் பசளையை வெங்காயத் தோட்டக்காரர்கள் உழவு இயந்திரத்தில் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். இப்போது வருவதில்லை. ஒருவர் தன் தோட்டத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளி என் கையில் வைத்தார். அதற்குள் பச்சைச் செதில்கள் மினுங்கின. “காசு குடுத்துக் குப்பை வாங்கி எதுக்கு அண்ணை என்ர தறையில போட?” என்றார். ‘உக்கும்’ என்று எழுதியிருப்பதால் வீட்டுக்காரர் பச்சைத் தாளைச் சாப்பாட்டுக் கழிவோடேயே போடுகிறார்கள். அது குவியலுக்கு வருகிறது. பசளை விலைப்படாமல் போகிறது. கணக்கில் நட்டம் விழுகிறது. நட்டத்துக்காக முற்றத்தை மூடுகிறீர்கள். முதலாவது தீர்மானத்தின் தாள்தான் இரண்டாவது தீர்மானத்தைப் பெற்றிருக்கிறது, அவ்வளவுதான்.

தவிசாளர் அவர்களே, அன்று நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள்: மரவள்ளியிலும் நண்டுக்கோதிலும் பனங்கழிவிலும் பிளாஸ்ரிக் செய்கிற தொழிற்சாலை ஒன்றை எங்கள் பகுதிக்குக் கொண்டுவருவோம் என்று. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆசை எனக்கும் இருக்கிறது, அதனால்தான் குசினியில் செய்தும் பார்த்தேன்.

இரண்டு மரவள்ளிக் கிழங்கைத் துருவி, துணியில் பிழிந்து, தெளிய விட்டு, அடியில் படிந்த வெள்ளை மாவைக் காயவைத்தேன். 10 கிராம் மா, ஒரு தேநீர்க் கோப்பை தண்ணீர், ஒரு தேக்கரண்டி கிளிசரின், கொஞ்சம் வினாகிரி. மெல்லிய நெருப்பில் துழாவத் துழாவப் பால் நிறம் போய்க் கஞ்சிப் பசைபோலக் கண்ணாடியாக வந்தது. மாபிள் துண்டில் ஊற்றி இரண்டு நாள் விட்டேன். உரித்தபோது உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது: வளைகிற, வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒளி ஊடுருவுகிற, கையில் தொட்டால் பிளாஸ்ரிக் போலவே இருக்கிற தாள். மனைவி அதில் இரண்டு அகப்பை சோறும் சொதியும் வைத்து மடித்தார். பத்து நிமிடத்தில் சொதியும் தாளும் ஒன்றாகிவிட்டன. மிஞ்சிய துண்டை அலுமாரியில் வைத்தேன், ஐப்பசி மழை தொடங்கியதும் பூஞ்சணம் பிடித்தது. கிடங்கில் போட்ட துண்டு ஒன்பதாம் நாள் காணாமல் போனது. என் தாள் உக்கும், சொதி தாங்காது. உங்கள் தாள் சொதி தாங்கும், உக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் நடக்கிற வேலை.

நண்டுக்கோதும் அப்படித்தான். எங்கள் கடலில் பிடிக்கிற நண்டின் சதை பதனிடப்பட்டு வெளிநாட்டுக்குப் போகிறது, கோது இங்கே கிடந்து மணக்கிறது. அதை ஐதான அமிலத்தில் போட்டால் நுரைத்துச் சுண்ணாம்பு கழன்று, மெல்லிய, மடிக்கக்கூடிய ஒரு தோல் மிஞ்சும். அதுதான் கைற்றின். அதில் இருந்து நல்ல படலம் செய்யலாம். ஆனால் கைற்றினைக் கரைகிற கைற்றோசன் ஆக்க, செறிவான சோடியம் ஐதரொட்சைட்டில் சூடாக்க வேண்டும். அந்தக் கழிவுநீரை எங்கே விடுவீர்கள்? சுண்ணாம்புக்கல் வெடிப்பிலா? சுத்திகரிப்பு இல்லாமல் அந்தத் தொழிற்சாலை வருமென்றால் வாசலில் மறித்து நிற்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பிளாஸ்ரிக்கே ஆக்காமல் செய்யக்கூடியவை கையெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. குலை வெட்டிய பிறகு வாழைத்தடல் தோட்டத்தில் அழுகுகிறது. அதைக் கூழாக்கிச் சூடான அச்சில் அழுத்தினால் தட்டு. வடலி வளர்ந்து கிடக்கிற காணிகளில் ஓலைக்குப் பஞ்சமில்லை. பிளாவில் கள்ளும் கூழும் குடித்தோம், தட்டுவத்தில் சோறு தின்றோம், உமலில் மீன் கொண்டுவந்தோம், குட்டானில் பனங்கட்டி வாங்கினோம், நீத்துப்பெட்டியில் புட்டு அவித்தோம். அந்த நாளையில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்கிற ஆள் நான் இல்லை; நீத்துப்பெட்டி கழுவிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் எங்கள் வாசிகசாலைக்குப் பின்னால் ஏழு பெண்கள் இன்றைக்கும் இழைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப்பந்தலுக்கு ஓலைக் கிண்ணம் தருகிறோம் என்று சபையிடம் கேட்டபோது, ‘பதிவு செய்யப்பட்ட வழங்குநர் இல்லை’ என்று அனுப்பிவிட்டீர்கள். அந்தப் பந்தலில் சர்பத் ஊற்றிய கடதாசிக் கோப்பையின் உட்புறத்தில் பூசியிருப்பதும் பொலித்தீன்தான். மாரியில் அதற்குள் தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகியது, பிறகு டெங்குக்கு நீங்களே புகை அடித்தீர்கள்.

இப்போது நான் கேட்பவை.

பச்சைத் தாளைக் கட்டாயமாக்கும் தீர்மானத்தை, ஆய்வுகூட அறிக்கை வரும்வரை நிறுத்தி வையுங்கள். அந்த அறிக்கை வழங்குநர் கொண்டுவந்து தருவதாக இருக்கக் கூடாது. சபை தானே கடையில் இருந்து தாளை எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, முடிவைச் சபை வாசலிலும் நூலகத்திலும் ஒட்ட வேண்டும். உக்கவில்லை என்று வந்தால் வழங்குநரிடம் இருந்து கடைக்காரரின் காசைத் திருப்பி வாங்கித் தாருங்கள், மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுதுங்கள்.

வாழையிலை, ஓலை, பூச்சில்லாத கடதாசி மூன்றையும் அனுமதித்த பட்டியலில் இன்றைக்கே சேருங்கள். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, ஒரு திருத்தச் சுற்றறிக்கை போதும். இழைக்கும் பெண்களை வழங்குநராகப் பதிவு செய்ய என்ன பத்திரம் வேண்டுமோ அதை நிரப்பிக்கொடுக்க ஒரு உத்தியோகத்தரை அனுப்புங்கள்.

கூட்டுப்பசளை முற்றத்தை மூடாதீர்கள். தரிப்பிடத்துக்குச் சந்தைக்குப் பின்னால் சபைக் காணி சும்மா கிடக்கிறது. முற்றத்துக்கு ஒரு நீளக் கம்பி வெப்பமானியும், ஒரு அரிதட்டும், அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். இனிமேல் ‘உக்கும்’ என்று எந்தப் பொருள் சபைக்கு வந்தாலும் கொள்வனவுக்கு முன் அந்த முற்றத்துக் குவியலிலேயே 12 கிழமை வைத்து, அரித்துப் பார்த்து, பிறகு விலைமனுவைத் திறவுங்கள்.

தொழிற்சாலைக் கதையைக் கைவிட வேண்டாம். ஆனால் கட்டடத்துக்கு முன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் கைதடியில் இருக்கிற பனை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் எழுதி, எங்கள் பகுதியில் ஒரு வருடத்துக்கு எவ்வளவு வாழைத்தடல், பனந்தும்பு, நண்டுக்கோது சேருகிறது என்று முதலில் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கெடுப்புக்கு வளவு வளவாக நடக்க ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

அடுத்த அமர்வு இந்த மாதம் மூன்றாம் செவ்வாய். பதினைந்து நிமிடம் தாருங்கள். கண்ணாடிக் குவளை, தண்ணீர், சவர்க்காரம், கத்தரிக்கோல் எல்லாம் நான் கொண்டுவருவேன். தாளை மட்டும் சபைக் களஞ்சியத்தில் இருந்து நீங்களே எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
சபை எல்லைக்குள் வரி கட்டும், வாழையிலையில் பொதி கட்டும் ஒருவன்